காலாங்கில் தோற்ற எருமை

சிங்கப்பூருக்குப் போய் வருகிறவர்களில் தேக்கா மார்க்கெட்டை மிதிக்காமல் திரும்புகிறவர்கள் மிகக் குறைவு. மார்க்கெட்டை ஒட்டினாற்போல ஒரு சிறிய தெரு. பூமாலைக் கடைகளும் காய்கறிக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதன் பெயர் பஃபலோ ரோடு. அதற்கு அடுத்தாற்போல் இருப்பது கெர்பாவ் ரோடு. ஆங்கிலத்தில் சொன்னாலும் எருமை, மலாயில் சொன்னாலும் எருமை. அந்த வட்டாரத்தில் மாட்டுக் கொட்டில்கள் இருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்கள்.

அந்த எருமைக்கும் இந்த இதழில் நான் எழுதவிருக்கும் எருமைக்கும் பெயர்ப் பொருத்தம் ஒன்றுதான். இந்த எருமைக்கு இறக்கை உண்டு. 'புரூஸ்டர் பஃபலோ' என்ற அமெரிக்கப் போர் விமானம் அது. தேக்காவிலிருந்து இரண்டு மூன்று மைல் தள்ளியிருந்த காலாங் விமான நிலையத்திலிருந்து 1941 டிசம்பரிலும் 1942 ஜனவரியிலும் சிங்கப்பூரைக் காக்கக் கிளம்பி, காக்க முடியாமல் விழுந்தது. இத்தனை காலம் கழித்து, நம் வீட்டுப் பிள்ளைகளின் கணினித் திரையில் அதே எருமை மறுபடியும் பறந்துகொண்டிருக்கிறது.

ஏன் இந்தக் கதை என்றால், தோட்டத்துத் தகப்பனார் ஒருவர் எழுதிய கடிதம்தான் காரணம். "என் மகன் நான்காம் படிவம் படிக்கிறான். இரவானால் கம்ப்யூட்டரில் விமானச் சண்டை. தோற்றுவிட்டால் மேசையைக் குத்துகிறான். 'என் விமானம் உதவாக்கரை, நல்ல விமானம் வாங்கினால்தான் ஜெயிக்க முடியும்' என்று இருநூறு வெள்ளி கேட்கிறான். பணத்தைக் கொடுப்பதா, கம்ப்யூட்டரைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதா? நீங்களே சொல்லுங்கள் டீச்சர்" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, இரண்டும் வேண்டாம். பணத்தைக் கொடுத்தால் பையன் முன்பைவிட அதிகமாகத் தோற்பான். பூட்டி வைத்தால் பக்கத்து லயத்துக் கூட்டாளி வீட்டில் போய் உட்காருவான். அவன் ஏன் தோற்கிறான் என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதைச் சொல்ல எருமைதான் சரியான பாடப்புத்தகம்.

முதலில் விளையாட்டு என்னவென்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் 'வார் தண்டர்'. கைஜின் என்ற நிறுவனம் செய்தது. 2012 நவம்பரில் எல்லாரும் ஆடலாம் என்று திறந்துவிட்டார்கள். சேருவதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு அணிகள், ஓர் அணியில் பதினாறு பேர் வரை இருப்பார்கள். நம் தோட்டத்துப் பையன் ஒருவன், ஜப்பானில் ஒருவன், போலந்தில் ஒருவன் என்று முகம் தெரியாதவர்கள் ஒன்றாகச் சேர்ந்து, அதே போன்ற இன்னோர் அணியை எதிர்த்து வானத்தில் சண்டை போடுகிறார்கள். கீழே தரையில் எதிரியின் டாங்கிகளும் தளங்களும் இருக்கும். விமானத்தை வீழ்த்தினாலும் சரி, தரையில் உள்ளதை அழித்தாலும் சரி, எதிரணியின் புள்ளி குறையும். எந்த அணியின் புள்ளி முதலில் தீர்கிறதோ அது தோற்றது. டாங்கிச் சண்டை, கப்பல் சண்டை என்றெல்லாம் தனியே உண்டு. அதை இங்கே விட்டுவிடுவோம்.

விமானச் சண்டையிலும் மூன்று தரம் இருக்கிறது. தொடக்கக்காரர்களுக்கு 'ஆர்க்கேட்'. எங்கே குறி வைக்க வேண்டும் என்று திரையே ஒரு வட்டம் போட்டுக் காட்டும், தோட்டா தீர்ந்தால் வானத்திலேயே நிரம்பும், ஒரு விமானம் போனால் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது 'ரியலிஸ்டிக்'. அதில் அந்த வட்டம் கிடையாது. தோட்டா தீர்ந்தால் தளத்தில் இறங்கித்தான் நிரப்ப வேண்டும். மூன்றாவது, விமானி இருக்கையிலிருந்து மட்டுமே பார்க்கிற 'சிமுலேட்டர்'. புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். பூன் கெங் பக்கம் அடுக்குமாடி வீடு. அவள் மகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். சிம் லிம் ஸ்குவேரில் உதிரிகளைப் பொறுக்கியெடுத்துத் தானே பூட்டிய கணினியில் இந்த ஆட்டம். "படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தொடங்கினேன். "பெரியம்மா, ஒரே ஓர் ஆட்டம் உட்கார்ந்து பாருங்க. அப்புறம் திட்டுங்க" என்றான்.

உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியதும் அவன் அணியில் முக்கால்வாசிப் பேர் எதிரியைத் தேடி நேரே பாய்ந்தார்கள். இவன் மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி, மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருந்தான். இரண்டு நிமிடம் போயிற்று, மூன்று நிமிடம் போயிற்று. எனக்குப் பொறுமை இல்லை.

"ஏண்டா தம்பி, எல்லாரும் அங்கே சண்டை போடுறாங்க. நீ பாட்டுக்கு எங்கேயோ போய்க்கிட்டிருக்கியே?"

"பெரியம்மா, கீழே சுத்துறவங்க முக்கால்வாசிப் பேர் இன்னும் ரெண்டு நிமிஷத்துல போயிடுவாங்க. மிச்சம் இருக்கிறவங்களுக்கு வேகமும் இருக்காது, தோட்டாவும் இருக்காது. அப்பத்தான் நான் இறங்குவேன்."

அப்படியேதான் நடந்தது. பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி மேலிருந்து ஒரே பாய்ச்சல், ஒரு சிறு சூடு, மறுபடி மேலே. அந்த ஆட்டத்தில் அவன் மூன்று பேரை வீழ்த்தினான். அவன் ஓட்டிய விமானம் பெரிய விலை கொடுத்து வாங்கியதா என்றால் இல்லை. ஆடி ஆடிச் சேர்த்த புள்ளியில் திறந்துகொண்டது. அது எது தெரியுமா? நம் எருமைதான். அமெரிக்க விமானங்கள் வரிசையில், ஆரம்பப் படிகளிலேயே இருக்கிறது.

உயரம் என்பது இந்த விளையாட்டில் சேமிப்புப் பணம். மலைத் தோட்டத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்தவன், இறக்கத்தில் மிதிக்காமலே பறக்கிறான். மேலே இருக்கும் விமானம் வேண்டியபோது உயரத்தை வேகமாக மாற்றிக்கொள்ளும். பாய்ந்து முடித்ததும் அந்த வேகத்தை மறுபடி உயரமாக மாற்றிக்கொள்ளும். கீழே இருப்பவனிடம் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை. ஆகவே ஆட்டம் தொடங்கியதும் முதல் வேலை ஏறுவது. செங்குத்தாக ஏறினால் வேகம் செத்துப்போய் விமானம் தொங்கிவிடும். பதினைந்து இருபது டிகிரி சாய்வில், சண்டை நடக்கும் இடத்துக்குச் சற்று விலகி ஏற வேண்டும்.

புதியவர்கள் செய்யும் இன்னொரு காரியம், எதிரி வளைந்தால் தானும் வளைவது. அவன் பின்னால் சுற்றிச் சுற்றி, கடைசியில் மரத்து உயரத்துக்கு வந்து, மூன்றாமவன் ஒருவனிடம் அடிபடுவது. ஒவ்வொரு வளைவும் வேகத்தைத் தின்னும். ஜப்பானிய 'ஜீரோ' போன்ற இலேசான விமானங்கள் வளைவதற்கென்றே பிறந்தவை. கனமான விமானத்தை வைத்துக்கொண்டு ஜீரோவோடு வட்டம் சுற்றுகிறவன், கோணிப்பையைக் கட்டிக்கொண்டு நொண்டி ஆட வருகிறவனுக்குச் சமம்.

இதைத்தான் காலாங்கில் இருந்த பிள்ளைகள் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். பிள்ளைகள் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்கள். அப்போது சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பஃபலோ ஓட்டிய படைப்பிரிவுகள் நான்கு. ஆஸ்திரேலியப் பிரிவுகள் இரண்டு, நியூசிலாந்துப் பிரிவு ஒன்று, பிரிட்டிஷ் பிரிவு ஒன்று. அந்த பிரிட்டிஷ் பிரிவிலும் நியூசிலாந்துக்காரர்கள் பலர். நிறையப் பேர் பயிற்சிப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள். பிரிட்டன் அமெரிக்காவிடம் 170 பஃபலோ வாங்கியிருந்தது. ஐரோப்பாவில் ஜெர்மானியரை எதிர்க்க இது போதாது என்று முடிவு செய்து கிழக்கே அனுப்பியது. கிழக்கில் இருப்பவர்களுக்கு இது போதும் என்பது அன்றைய பெரிய மனிதர்களின் எண்ணம்.

1941 டிசம்பர் 8ஆம் தேதி, விடிவதற்கு முன், பதினேழு ஜப்பானியக் குண்டு விமானங்கள் சிங்கப்பூர் மேல் வந்தன. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. செம்பவாங்கில் பஃபலோ விமானிகள் சிலர் தயாராக நின்றும், கிளம்ப அனுமதி கிடைக்கவில்லை. இருட்டில் நம் பீரங்கிக்காரர்களே நம் விமானத்தைச் சுட்டுவிடுவார்கள் என்ற பயம். அன்று நகரத்தில் 61 பேர் மாண்டார்கள்.

ஜனவரியில் பகல் நேரத் தாக்குதல்கள் வலுத்தன. மலாயாவில் தளம் தளமாகக் கைவிட்டுப் பின்வாங்கியதால், எதிரி வருகிறான் என்று முன்கூட்டிச் சொல்ல வடக்கே ஆள் இல்லாமல் போயிற்று. ரேடார் எச்சரிக்கை வந்து, விமானி ஓடி ஏறி, எருமை மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிரி தலைக்கு மேல் வந்துவிடுவான். பஃபலோ கனமான விமானம். உயரே போனால் எரிபொருள் சரிவர வராத தொல்லை வேறு. கனத்தைக் குறைக்கப் பெரிய துப்பாக்கிகளைக் கழற்றிச் சிறியதை மாட்டினார்கள், எண்ணெயையும் தோட்டாவையும் குறைத்துக்கொண்டார்கள். அப்படியும் கீழிருந்து மேலே பார்த்துச் சண்டை போட வேண்டிய நிலை மாறவில்லை. எதிரில் வந்தவற்றை எல்லாரும் ஜீரோ என்றே சொன்னார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானியத் தரைப்படையின் 'ஹயபூசா'. இரண்டுமே காற்றில் நொடியில் திரும்பக்கூடியவை. பிறகு அவசரமாக வந்து சேர்ந்த 'ஹரிக்கேன்' விமானங்கள் பஃபலோவைவிட வேகம்தான். ஆனால் அவையும் ஜீரோவோடு வளையப் போனபோது இதே கதிதான். கீழே நம் ஜனங்கள் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குள் ஓடி ஒதுங்கியிருந்தார்கள் என்று சொல்வதுண்டு. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

ஆக, பையன் சொல்வது சரிதானே, விமானம் உதவாக்கரையாக இருந்ததால்தானே தோற்றார்கள் என்று கேட்கத் தோன்றும். இனிமேல்தான் கதையே இருக்கிறது.

இதே பஃபலோவை பின்லாந்து என்ற குளிர்தேசம் 44 வாங்கியிருந்தது. 1941லிருந்து 1944 வரை சோவியத் விமானங்களை எதிர்த்து அதை ஓட்டினார்கள். பின்லாந்துக்காரர்களின் கணக்குப்படி அந்த 44 விமானங்கள் வீழ்த்தியவை நானூறுக்கும் மேல். ஹான்ஸ் விண்ட் என்ற ஒரே விமானி பஃபலோவில் இருந்துகொண்டு 39 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு. போர்க்காலக் கணக்கில் ஊதல் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். பின்லாந்துக்குப் போன பஃபலோ சற்று இலேசானது, எதிரே வந்த விமானங்களில் பழையவையும் பல. அதையும் கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் காலாங் எங்கே, பின்லாந்து எங்கே!

அவர்கள் செய்தது என்ன? போருக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, தனியாகப் பறப்பதில்லை என்று வழக்கம் வைத்துக்கொண்டார்கள். இரண்டு விமானம் ஒரு ஜோடி. இரண்டு ஜோடி சேர்ந்தால் ஒரு நால்வர் குழு. ஜோடியில் முன்னவன் சுடுவான், பின்னவன் அவன் முதுகைப் பார்ப்பான். மேலே காத்திருந்து, பாய்ந்து, அடித்து, மறுபடி மேலே போய்விடுவார்கள். வளைந்து வளைந்து மல்லுக்கட்டுவதில்லை.

அதே நேரத்தில் பர்மாவிலும் சீனாவிலும் செனால்ட் என்ற அமெரிக்கர் தம் தொண்டர் படைக்கு இதையேதான் சொல்லிக்கொடுத்தார். அவர்களுடைய விமானமும் ஜப்பானிய விமானம் அளவுக்கு வளையாது. வளையாதே, மேலிருந்து பாய், ஜோடியாக இரு, அடித்துவிட்டு ஓடு என்பதே அவர் பாடம். காலாங்கிலிருந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, பழக நேரமும் இல்லை, ஏற எச்சரிக்கையும் இல்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

நம் பையனுக்கோ எல்லாம் இருக்கிறது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தர எண் உண்டு. ஏறத்தாழ சமமான தர எண் உள்ளவர்களைத்தான் எதிரெதிரே நிறுத்துகிறது. காலாங் பிள்ளைகளுக்கு யாரும் அப்படிச் சமம் பார்த்து நிறுத்தவில்லை. ஆகவே கணினி முன் உட்கார்ந்துகொண்டு விமானத்தைக் குறை சொல்வது பொருந்தாது. அதுமட்டுமா, இருநூறு வெள்ளி கொடுத்து உயர்ந்த தர விமானம் ஒன்றை வாங்கினால், அதே தரத்தில் வருஷக்கணக்காக ஆடிப் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நடுவே இவனைக் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பணம் கட்டி ஆறாம் வகுப்பில் உட்கார வைத்த மாதிரி. 'தங்கக் கழுகு' என்று ஒரு நாணயம் வைத்திருக்கிறார்கள், உண்மைப் பணம் கொடுத்து வாங்குவது. முதல் ஆறு மாதம் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். வங்கி அட்டை எண்ணைக் கணினியில் பதிந்து வைக்கவே வேண்டாம்.

இனி ஜோடி விஷயம். மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். இந்த விளையாட்டில் தெரிந்த கூட்டாளிகள் நான்கு பேர் வரை ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து ஒரே அணியில் இறங்கலாம். என் தங்கை மகன் தனியாக ஆடுவதே இல்லை. பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி ஒருவன் கூடவே இருப்பான், காதில் மாட்டிய கருவியில் பேசிக்கொள்வார்கள். பேச்சும் வளவளவென்று இல்லை. "உன் பின்னால ஒருத்தன். இடது பக்கம் திரும்பு. நான் வர்றேன்." அவ்வளவுதான்.

அந்த "நான் வர்றேன்" என்பதில் ஒரு வித்தை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் ஜான் தாச் என்ற அதிகாரி, ஜீரோவைச் சமாளிக்க வழி தேடி, இரவுகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தீக்குச்சிகளை அடுக்கி யோசித்தார். அவர் கண்டது இதுதான். இரண்டு விமானம் சற்று இடைவெளி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பறக்க வேண்டும். ஒருவன் முதுகில் எதிரி ஒட்டிக்கொண்டால், இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பிக் குறுக்கே கடக்க வேண்டும். துரத்தி வந்த எதிரி, மற்றவன் துப்பாக்கிக்கு நேரே வந்து நிற்பான். 1942 ஜூனில் மிட்வே சண்டையில் இதைச் செய்து காட்டினார். உங்கள் வீட்டிலும் தீக்குச்சி இருக்கும். பையனை உட்காரவைத்து மேசையில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்; மேசையைக் குத்துவதைவிட நல்ல வேலை.

ஜோடி என்றால் இரண்டு பேரும் ஒரே எதிரியைத் துரத்துவது என்று அர்த்தம் அல்ல. பள்ளித் திடலில் சிறு பிள்ளைகள் பந்தாடும்போது பார்த்திருப்பீர்கள், இருபத்திரண்டு பேரும் பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள், கோல் கம்பம் அனாதையாக நிற்கும். இந்த விளையாட்டிலும் அதே கூத்துத்தான். அடிபட்டுப் புகை விடும் ஒரு விமானத்துக்குப் பின்னால் ஐந்து பேர் போவார்கள். ஒருவர்மேல் ஒருவர் மோதி அவர்களே விழுவார்கள். முதல் உலகப் போரில் போல்க்கே என்ற ஜெர்மானிய விமானி 1916இல் விமானச் சண்டைக்கு முதன்முதலாகச் சில விதிகளை வகுத்துக் கொடுத்தார். உயரமும் சூரியனும் உன் பக்கம் இருக்கட்டும், கிட்டே போய்ச் சுடு, பின்னாலிருந்து தாக்கு, குழுவாகத் தாக்கு, ஆனால் இருவர் ஒருவனைத் துரத்தாதீர்கள் என்பவை அவற்றில் சில. அதே ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி, அவரும் அவர் படைத் தோழரும் ஒரே எதிரியைத் துரத்துகையில் இருவர் விமானமும் உரசி, போல்க்கே விழுந்து இறந்தார். வயது 25. விதி எழுதிய கைக்கே அப்படி நேர்ந்தது என்றால் பாருங்கள்.

சுடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொடக்கக்காரர்கள் ஒரு மைல் தூரத்திலேயே விசையை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி சூடேறிச் சிக்கிக்கொள்ளும். முந்நூறு மீட்டருக்குள் போய், விட்டு விட்டு, எதிரி இருக்கும் இடத்தில் சுடாமல் அவன் வந்து சேரப்போகிற இடத்தில் சுட வேண்டும். எதிரியை நேருக்கு நேர் சந்திக்கும்போது வீம்புக்குச் சுட்டுக்கொண்டே போகாமல் விலகிவிட வேண்டும். கழுத்தைத் திருப்பிச் சுற்றிப் பார்க்க ஒரு விசை இருக்கிறது. அதைப் பத்து வினாடிக்கு ஒருமுறை அமுக்கிப் பழக வேண்டும். 'ரியலிஸ்டிக்' ஆட்டத்தில் நம் தோட்டா நம் ஆளையே வீழ்த்தும், அதற்குத் தண்டமும் உண்டு. செம்பவாங்கில் அன்று பயந்தது இதற்குத்தான்.

இன்னொன்று. எல்லாருக்கும் சண்டை விமானம் ஓட்டத்தான் ஆசை. தரையிலுள்ள டாங்கிகளை அழிக்கிறவனைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். அணியின் வெற்றி பல சமயம் அவன் கையில்தான் இருக்கிறது. கை வேகம் இல்லாத பையன்களுக்கு அந்த வேலையைச் சொல்லுங்கள். குண்டு விமானம் ஒன்று தனியாகப் போனால், கூடப் போய்க் காவல் இருப்பதும் நல்ல ஆட்டம். ஒன்றையும் வீழ்த்தாமலே அணிக்குப் பெரிய உதவி செய்யலாம்.

விளையாட்டே கெடுதல் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினி விளையாட்டுக்குத் தென்கிழக்காசியப் போட்டிகளில் 2019லிருந்து பதக்கம் கொடுக்கிறார்கள். 2023 ஜூனில் ஒலிம்பிக் குழுவினரே சிங்கப்பூர் சன்டெக்கில் கணினி விளையாட்டு வாரம் நடத்தினார்கள். நம் விமானச் சண்டை அதில் இல்லை, அது வேறு விஷயம். நான் பார்த்தவரை கெடுதல் வருவது ஆட்டத்தால் அல்ல, நேரம் தெரியாமல் தனியே அறைக்குள் உட்காருவதால். ஓர் ஆட்டம் கால்மணியோ அதற்குச் சற்று மேலோ போகும். நான்கு ஆட்டம் என்று எண்ணிக்கை வையுங்கள். நடுவே பிடுங்காதீர்கள், அணியில் மற்றவர்களை நடுவானத்தில் விட்டுவிட்டு வந்த மாதிரி ஆகும். கணினி கூடத்தில் இருக்கட்டும். இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அன்றைக்கு எழுந்துவிட வேண்டும். கோபத்தில் ஆடுகிறவன் ஏற மாட்டான், நேரே பாய்வான்.

சிங்கப்பூரில் தேசிய சேவைக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லி வையுங்கள். 2021இல் இந்த விளையாட்டை ஆடும் ஒருவர், பிரிட்டிஷ் டாங்கி ஒன்றின் அளவு விளையாட்டில் தவறு என்று வாதாடி, அதை நிரூபிப்பதற்காக இராணுவ இரகசிய ஏட்டின் பக்கங்களையே எல்லாரும் பார்க்க வெளியிட்டுவிட்டார். பிறகு இன்னும் சிலரும் அதே காரியத்தைச் செய்தார்கள். விளையாட்டுக்காக வேலையையும் மானத்தையும் இழப்பது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம்!

கடிதம் எழுதிய ஐயா, உங்கள் மகனுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் விமானமே போதும். வகுப்பில் இதை ஆடுகிற இன்னொரு பையன் கட்டாயம் இருப்பான். அவனோடு ஜோடி சேரட்டும். ஒரு மாதம் ஏறுவதையும் ஒருவன் முதுகை ஒருவன் பார்ப்பதையும் மட்டும் பழகட்டும். பிறகு எனக்கு எழுதுங்கள். அந்த இருநூறு வெள்ளியில் பஸ் டிக்கெட் வாங்கி, அடுத்த விடுமுறையில் அவனைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகலாம். 1937இல் திறந்த காலாங் விமான நிலையம் 1955இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் ஓல்ட் ஏர்போர்ட் ரோடு சாப்பாட்டுக் கடைகள் பிரபலம், பசியாறலாம்.

அங்கிருந்து கிராஞ்சி போர் நினைவகத்துக்குப் போங்கள். 1957இல் திறந்தது. மேற்கூரையை விமான இறக்கை போலக் கட்டியிருக்கிறார்கள். சுவர்களில் 24,000க்கும் அதிகமான பெயர்கள், உடல் கிடைக்காதவர்களின் பெயர்கள். இந்தியப் படையினர் பெயர்களும் அவற்றில் உண்டு, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விமானிகள் பெயர்களும் உண்டு. எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வழியில் நிழல் குறைவு, காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.